இசைத்தட்டுக்குப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? விலைக்கு முன் அளவைப் பாருங்கள்!



நமது இதழில் வழக்கமாக வரி, உரிமம், தராசு முத்திரை, சரக்கு நிலவரம் என்றுதான் எழுதுவோம். இம்முறை சற்று விலகி, பழைய இசைத்தட்டுகளை இயக்க உதவும் ‘போனோ பிரீ-ஆம்ப்’ என்ற சிறு பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். இதற்குக் காரணம் உண்டு. நம் உறுப்பினர் பலரது வீட்டுப் பரணில் அப்பா காலத்து ரெக்கார்டுகள் இருக்கின்றன. பிள்ளைகள் இப்போது அவற்றைத் தேடி எடுக்கிறார்கள், டர்ன்டேபிள் வாங்குகிறார்கள். அதோடு சேர்த்து இந்தப் பெட்டியையும் வாங்கச் சொல்கிறார் விற்பவர். விலையோ சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல லட்சம் வரை போகிறது. எதை வாங்குவது, எதற்காக அவ்வளவு விலை என்று விளங்குவதில்லை. இதில் ஒருமுறை கையைச் சுட்டுக் கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இசைத்தட்டு நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் பல சாமான்களோடு கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்பனையாயின. அவர் மகன் மெய்யப்பன் சென்னைக்கு வந்து, கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார், பிறகு ஏவி.எம். ஸ்டூடியோ கண்டார். கடைத்தெருவிலிருந்து கிளம்பிய வியாபாரம்தான் இது.

எனக்கு நேர்ந்தது

என் தந்தையார் மளிகைக் கடை நடத்தியவர். ஆண்டுக் கணக்கு முடித்து லாபம் நின்றால், தீபாவளிக்கு முன் நாலைந்து ரெக்கார்டு வாங்குவார். அப்படிச் சேர்ந்தவை இருநூறுக்கு மேல். அவர் காலமான பின் அவை பரணுக்குப் போயின. சில வருஷம் கழித்து நான் ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். வெளியூர்க் கடை ஒன்றில், “இந்த ரெக்கார்டுகளுக்குச் சாதாரணப் பெட்டி போட்டால் அவமானம் சார்” என்று சொல்லி, ஒரு வெளிநாட்டுப் பிரீ-ஆம்பைத் தலையில் கட்டினார்கள். நான் கொடுத்த விலையில் ஒரு லாரி லோடு துவரம்பருப்புக்கு முன்பணம் கட்டியிருக்கலாம்.

வீட்டில் கொண்டு வந்து மாட்டினால், மெல்லிய பாட்டு ஒருவிதமாகப் பாடியது. நாதஸ்வரம் மேலே ஏறும்போதும், கோஷ்டி முழுவதும் சேர்ந்து வாசிக்கும்போதும் ஓசை உடைந்து கரகரத்தது. பத்துத் தட்டுகளை மாற்றிப் பார்த்தேன், எல்லாம் அப்படியே. இத்தனை விலையுள்ள பெட்டியில் குறை இருக்காது, ரெக்கார்டுகள்தான் தேய்ந்து போயின என்று முடிவு செய்தேன். பரணில் இடமாவது மிஞ்சட்டும் என்று பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடப் பேசி விட்டேன்.

அந்த வாரம் எங்கள் தெரு ரேடியோ மெக்கானிக் பலசரக்கு வாங்க வந்தார். விஷயத்தைக் கேட்டு வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் இரண்டு வரிசைச் சிறு சுவிட்சுகள் இருந்தன. ஒன்றைத் தொடவில்லை, மற்றதில் ஒன்றை மட்டும் பேனா முனையால் தள்ளினார். அதே தட்டைப் போட்டார். நாதஸ்வரம் முழுசாக எழுந்து நின்றது. “அண்ணாச்சி, ரெக்கார்டு மேல குத்தமில்ல. நகைக்கடைத் தராசுல அரிசி மூட்டையத் தூக்கி வச்சிட்டீங்க” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை விரித்துச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

பெட்டியின் இரண்டு வேலைகள்

ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது, அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. சாதாரண வகையில் அது சுமார் 5 மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு. இதைப் பல மடங்கு பெருக்கினால்தான் ஆம்பிளிபயருக்குப் போதும். பெருக்குவது பெட்டியின் முதல் வேலை.

இரண்டாவது வேலை முக்கியமானது. ரெக்கார்டில் ஓசை உள்ளபடி பதியப்படுவதில்லை. கனத்த ஓசைகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிஷப் பாட்டு அடங்காது. ஆகவே கீழ் ஓசைகளைக் குறைத்தும், தட்டின் ‘ஸ்’ என்ற இரைச்சல் அமுங்குவதற்காக மேல் ஓசைகளைக் கூட்டியும் பதிகிறார்கள். பிரீ-ஆம்ப் அதைத் தலைகீழாகச் செய்து, ஓசையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. 20 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் அளவுக்குக் கூட்ட வேண்டும். 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு குறைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு முதலில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டது. 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டை வெளியிட்டது, 1949-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவர் பதிவும் ஒரு விதம். 1954-ல்தான் அமெரிக்க இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. எல்லாருக்கும் பொதுவான ஒரே அளவை ஏற்றுக்கொண்டது. ஊருக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு மணங்கு என்று இருந்த நம் நாட்டில் 1956-ம் வருஷச் சட்டம் மெட்ரிக் எடையைக் கொண்டுவந்தது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் அளவு: எத்தனை மடங்கு?

கார்ட்ரிட்ஜில் இரண்டு ஜாதி உண்டு. காந்தம் அசையும் எம்.எம். வகை, சுருள் அசையும் எம்.சி. வகை. எம்.எம். வகையில் ஆர்டோபோன் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் தருகிறது, ஆடியோ-டெக்னிக்கா வி.எம்.95இ 4 மில்லிவோல்ட். எம்.சி. வகையில் பெயர் பெற்றது ஜப்பானின் டெனான் டி.எல்.103. அந்நாட்டு ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே.யின் உபயோகத்துக்காக 1960-களில் உருவானது. அது தருவது 0.3 மில்லிவோல்ட்தான். டார்ச் லைட் செல் 1.5 வோல்ட், அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு!

எம்.எம். வகைக்குச் சுமார் 100 மடங்கு பெருக்கம் போதும். இதைப் பட்டியலில் 40 டெசிபல் என்று போடுவார்கள். எம்.சி. வகைக்குச் சுமார் 1000 மடங்கு, அதாவது 60 டெசிபல் வேண்டும். என் வீட்டில் நடந்தது என்ன? 5 மில்லிவோல்ட் தரும் எம்.எம். கார்ட்ரிட்ஜை ஆயிரம் மடங்கில் வைத்திருந்தேன். சாதாரண ஓசையிலேயே 5 வோல்ட் ஆகிவிடும். உரத்த இடங்களில் அதைப்போல் பல மடங்கு. பெட்டி தன்னால் தர முடிந்த உச்சத்தில் நின்றுவிடும். அதற்கு மேலுள்ள ஓசை வெட்டுப்படும். கரகரப்பு அதுதான். மாறாக, டி.எல்.103-ஐ 100 மடங்கில் மாட்டினால் ஓசை கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆம்பிளிபயரைத் திருகினால் பாட்டை விட இரைச்சல்தான் கூடும்.

எம்.எம். பெட்டியை வைத்துக்கொண்டே எம்.சி. கார்ட்ரிட்ஜ் போட விரும்புவோருக்கு வேறொரு வழி உண்டு. இடையில் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். 1:10 டிரான்ஸ்பார்மர் வைத்தால் 0.3 மில்லிவோல்ட் 3 ஆகிவிடும். எம்.எம். பெட்டிக்கு அது போதும்.

இரண்டாம் அளவு: லோடு

கார்ட்ரிட்ஜ் எந்த அளவு மின்தடையைச் சந்திக்கிறது என்பதையே லோடு என்கிறார்கள். எம்.எம். வகைக்கு 47,000 ஓம்ஸ் என்பது பொதுவான அளவு. என் பெட்டியில் மெக்கானிக் தொடாமல் விட்ட சுவிட்ச் வரிசை இதற்கானது. அது சரியாகவே இருந்தது. எம்.சி. வகைக்கு 100 ஓம்ஸ் அல்லது அதற்கு மேல் தேவைப்படும். கார்ட்ரிட்ஜின் உள் தடையைப் போல் பத்து மடங்கு என்பது ஒரு கைக்கணக்கு. டி.எல்.103-ன் உள் தடை 40 ஓம்ஸ். ஆகவே 400-ஐ ஒட்டி வைத்துப் பார்க்கலாம். மேலே சொன்ன 1:10 டிரான்ஸ்பார்மரை 47,000 ஓம்ஸ் பெட்டியில் மாட்டினால் கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓம்ஸ் கிடைக்கும். கணக்கு ஒத்துப்போகிறது.

எம்.எம். வகைக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வயரிலும் பெட்டியிலும் உள்ள கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்து மேல் ஓசையை மாற்றும். இதைப் பைக்கோபேரட் கணக்கில் சொல்வார்கள். வி.எம்.95இ-க்கு மொத்தம் 100 முதல் 200 வரை. 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300 வரை. டர்ன்டேபிள் வயரே 100-க்கு மேல் எடுத்துக் கொள்ளக்கூடும். பெட்டியில் இன்னொரு 200 இருந்தால் 2எம் ரெட் ஏற்கனவே விளிம்புக்கு வந்துவிடும், வி.எம்.95இ எல்லையைத் தாண்டிவிடும். தாண்டினால் மேல் ஓசை முதலில் கூர்மையாகக் குத்தும். அதற்கும் மேலே சட்டென்று விழும். ஒரே பெட்டியை ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் இகழ்வதும் பல சமயம் இதனால்தான்.

மூன்றாம் அளவு: இரைச்சல்

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீழ் ஓசையைக் கூட்டும் மேற்படி கணக்குப்படி, பிரீ-ஆம்ப் 50 ஹெர்ட்ஸ் ஓசையை நடு ஓசையை விட ஏழு மடங்கு அதிகமாகப் பெருக்குகிறது. அதனால்தான் எங்கோ ஒரு மின் கசிவு இருந்தாலும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் கேட்கிறது. டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரைப் பெட்டியின் திருகில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெட்டியை ஆம்பிளிபயரின் மேலோ, எலிமினேட்டருக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். இந்த இரண்டும் காசில்லாத வைத்தியம்.

நாலாவதாக ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கின் துல்லியம் உண்டு. பட்டியலில் கூடக் குறைய இத்தனை டெசிபல் என்று போட்டிருப்பார்கள். அந்த எண் சிறியதாக இருப்பது நல்லது. பெட்டிக்குள் போடும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் 5 சதவீத ரகமா, 1 சதவீத ரகமா என்பதைப் பொறுத்தது அது. ஒரு சதவீத ரெசிஸ்டர் இன்று விலை கூடிய சரக்கல்ல. ஆகவே துல்லியம் மட்டுமே வேண்டுமென்றால் லட்சங்கள் தேவையில்லை.

அப்படியானால் லட்சங்கள் எதற்கு?

நியாயமான கேள்வி. விலை கூடிய பெட்டிகள் எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. எதற்குப் பணம் போகிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பெயர் பெற்ற சிலவற்றை எடுத்துக் கொள்வோம்.

இங்கிலாந்தின் ரேகா போனோ எம்.எம்., பெயருக்கேற்ப எம்.எம். வகைக்கு மட்டும். ஆஸ்திரியாவின் புரோ-ஜெக்ட் போனோ பாக்ஸ் வரிசையும் இதுபோல் தொடக்க விலைப் பெட்டிகளுக்குப் பேர் போனது. வேலையை ஒழுங்காகச் செய்யும். மாற்றி அமைக்கும் வசதி குறைவு.

இங்கிலாந்தில் டிம் டி பாரவிசினி வடிவமைத்த இ.ஏ.ஆர். 834பி வால்வு ரகம். இ.சி.சி.83 என்ற வால்வு மூன்று உள்ளே இருக்கும். எம்.சி. வசதி உள்ளதில் டிரான்ஸ்பார்மரும் உள்ளேயே அடக்கம். வால்வு தேய்மானச் சரக்கு. சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவையும் கொள்முதலில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அமெரிக்காவின் பாராசவுண்ட் ஜே.சி.3, ஜான் கர்ல் வடிவமைத்தது. இடது, வலது இரண்டுக்கும் உள்ளேயே தனித்தனி உலோக அறை. பாஸ் லேப்ஸ் எக்ஸ்.பி.27-ல் மின்சாரம் தரும் பகுதி தனிப் பெட்டியாகவே இருக்கிறது. இரண்டிலும் பணம் போவது முக்கியமாக ரீங்காரமும் இரைச்சலும் எட்டாமல் தடுப்பதற்கு.

மேன்லி ஸ்டீல்ஹெட் வால்வு ரகம். லோடையும் கெப்பாசிட்டன்ஸையும் முகப்பிலுள்ள குமிழைத் திருகியே மாற்றலாம். பல கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு வசதி. ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு ஒருமுறை திருகும் குமிழ்.

சுவிட்சர்லாந்தின் சி.எச். பிரிசிஷன் பி1 இருபதாயிரம் டாலருக்கு மேல் விலை போனது. அதில் வோல்ட்டை அளக்காமல் கரண்டை எடுத்துப் பெருக்கும் வழி ஒன்று உண்டு. உள் தடை குறைந்த எம்.சி. கார்ட்ரிட்ஜுக்கு அது மிக நல்ல வழி. ஆனால் எம்.எம். கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு அந்த வழியால் பயனில்லை; அதற்கு வேறு இணைப்புதான்.

பார்த்தீர்களா? மேலே போகப் போக அமைதியும், மாற்றும் வசதியும், கட்டுமானமும் கூடுகின்றன. அவை உண்மையான சரக்குதான். ஆனால் உங்கள் கார்ட்ரிட்ஜுக்குத் தேவையில்லாத வசதிக்குக் கொடுக்கும் பணம், விற்காத சரக்கில் முடங்கிய முதலுக்குச் சமம்.

78 சுற்றுத் தட்டுகளா? உஷார்!

பரணில் இருப்பது பழைய கருந்தட்டுகள் என்றால் கதையே வேறு. 78 தட்டின் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான். 78 தட்டுக்கு 65 முதல் 75 மைக்ரான் ஊசி வேண்டும். எல்.பி. ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து புரளும். அதோடு, 78 தட்டுகளில் பெரும்பாலானவை 1954-க்கு முந்திய கணக்குகளில் பதியப்பட்டவை. எத்தனை லட்சம் விலையுள்ள பெட்டியாக இருந்தாலும், ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கு ஒன்று மட்டும் இருந்தால் இவற்றைச் சரியாக வாசிக்காது. பல கணக்குகளை மாற்றும் வசதியும், மோனோ சுவிட்சும் உள்ள பெட்டியைக் கேளுங்கள்.

மாதிரி பார்த்து வாங்குங்கள்

மிளகாய் வற்றல் வாங்கும்போது மூட்டையின் மேல் பக்கத்தை மட்டுமா பார்க்கிறோம்? இதிலும் அப்படியே.

1. உங்கள் கார்ட்ரிட்ஜின் பெயர், மில்லிவோல்ட், லோடு, கெப்பாசிட்டன்ஸ் நான்கையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியின் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவராததைக் காது கொடுத்துக் கேட்கவே வேண்டாம்.

2. உங்கள் தட்டையே எடுத்துப் போங்கள். கடைக்காரர் தட்டு கடைக்காரருக்குத்தான் பாடும்.

3. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கச் சொல்லுங்கள். சற்றே உரக்கப் பாடுவது எப்போதும் நல்லதாகத் தோன்றும். பெருக்கம் கூடிய பெட்டி இந்தத் தந்திரத்திலேயே விற்றுவிடும்.

4. எந்தப் பெட்டி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றட்டும். விலைச்சீட்டைப் பார்த்தபின் காது நடுநிலையாக இராது.

5. ஊசியைத் தட்டில் வைக்காமல், நீங்கள் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்துப் பாருங்கள். அப்போது கேட்பதுதான் பெட்டியின் சொந்த இரைச்சல். ஊசி வைத்தபின் தட்டின் இரைச்சல் அதை மூடிவிட்டால், அதற்கு மேல் அமைதிக்குப் பணம் கொடுப்பதில் பெரிய பிரயோஜனமில்லை.

6. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெட்டி என்றால் பின்பக்கம் என்ன வோல்ட் என்று படியுங்கள். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100, நமக்கு 230. நேரே சொருகினால் புகைதான்.

7. பில் வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் எத்தனை என்று அதிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று

அந்த விலையுயர்ந்த பெட்டி இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறது. சரியான பெருக்கத்தில் வைத்தபின், உறவினர் ஒருவரின் சிறிய எம்.எம். பெட்டியை இரவல் வாங்கி மேலே சொன்ன முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்தேன். என் பெட்டியில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி கூடுதல் அமைதியாக இருந்தது. அது உண்மை. ஆனால் பாட்டு ஓடும்போது, எந்தப் பெட்டி என்று பத்தில் பாதித் தடவை எனக்குத் தெரியவில்லை. அதே மாதம் கார்ட்ரிட்ஜில் புது ஊசி போட்டேன். அந்த வித்தியாசத்தைப் பக்கத்து அறையில் இருந்த என் வீட்டுக்காரம்மா கேட்டுவிட்டு, “என்ன மாத்துனீங்க?” என்று வந்து நின்றாள்.

தேய்ந்த ஊசி ஓசையைக் கெடுப்பதோடு நிற்காது; பள்ளத்தையும் அறுத்துவிடும். பெட்டியில் செய்த தப்பைச் சுவிட்சால் திருத்தலாம். அறுந்த பள்ளத்தைத் திருத்த வழியே இல்லை. ஆகவே பணம் குறைவாக இருந்தால் முதலில் ஊசி, அடுத்து தட்டைச் சுத்தம் செய்யும் பிரஷ், அதன்பின் அளவு பொருந்திய ஒரு நல்ல பெட்டி. மிச்சம் இருந்தால் மேலே போங்கள்; தவறில்லை.

பழைய பேப்பர்க்காரர் மறுநாள் சாக்கோடு வந்தார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வீட்டிலிருந்த பழைய அட்டைப்பெட்டிகளைக் கொடுத்து அனுப்பினேன். என் தந்தையார் தீபாவளிக்குத் தீபாவளி வாங்கிச் சேர்த்த தட்டுகள் இப்போது கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரியில் நிற்கின்றன. ஞாயிறு மாலை கடை அடைத்தபின் இரண்டு தட்டாவது ஓடும்.

பரணில் ரெக்கார்டு வைத்திருக்கும் நண்பர்கள் அவற்றை எடைக்குப் போடுமுன், தயவுசெய்து ஒருமுறை சுவிட்சைப் பாருங்கள்.